எண்ணெய் தேய்த்துக் குளித்த ஆலா

கடற்கரையில் பார்க்க வேண்டிய ஒன்றைக் குளத்தங்கரையில் பார்த்துவிட்டால் பார்த்தவர் பாடு திண்டாட்டம்தான். வேல்விழிக்கு அதுதான் நடந்தது.

அவள் கான்ஸ்டபிள். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் பக்கத்து வரிசையில் நின்று, "யக்கா, குளிச்சது போதும், நகருங்க, பின்னால எத்தனை பேரு நிக்காவ" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் வேலை. ஆனி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. மேற்கே கடலில் புயல்சின்னம் என்று செய்தியில் சொன்னார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் டூட்டி. அதனால் காலையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் குளத்துக்குப் போயிருந்தாள்.

குளத்துக் கரையில் நட்டுவைத்த ஒரு கல்லின்மேல் அது உட்கார்ந்திருந்தது. மேலே முழுக்கக் கரி, கீழே முழுக்கச் சுண்ணாம்பு, நெற்றியில் திருநீறு இட்டாற்போல ஒரு வெள்ளை. வால் இரண்டாகப் பிளந்து நீண்டிருந்தது. வேல்விழி இந்தப் பக்கத்துக் குளங்களில் இரண்டு வருடமாக நடக்கிறாள். மஞ்சள் மூக்கும் சாம்பல் முதுகுமாக மீன் கொத்தித் திரியும் ஆற்று ஆலாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். இது ஆலா ஜாதிதான், ஆனால் அந்த ஆலா இல்லை. யார் நீ, எந்த ஊர், இங்கே உனக்கு என்ன சோலி என்று போலீஸ்காரிக்கே உரிய கேள்விகள் அவள் மனசில் வரிசையாக எழுந்தன. கேமராவைத் தூக்கினாள். அதற்குள் அது பறந்துவிட்டது. கிடைத்தது ஒரே படம். அதிலும் அலையடிக்கும் தண்ணீருக்கு மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தீற்றல்தான் இருந்தது.

அந்தத் தீற்றலை அவள் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தால் கதையே இல்லை. சந்தோஷம் தாங்காமல் 'தென்காசி குளத்து நடை' குழுவில் போட்டுவிட்டாள்.

அது ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு குளத்தைச் சுற்றி நடந்து, பார்த்ததைப் படமெடுக்கிறவர்களின் குழு. மருந்துக்கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர் என்று பலதரப்பட்டவர்கள். எல்லாருக்கும் தலை காந்திமதிநாதன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சென்ட் நிலம் கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று முப்பது வருஷம் சங்கிலி பிடித்த மனுஷர், பறவை விஷயத்திலும் அப்படித்தான். அவர் ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பறவை இந்த மாவட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. அவர் எழுதினார்: "கடல் ஆலா போல் தெரிகிறது. தென்காசியில் வாய்ப்பில்லை. சென்ற வாரம் திருச்செந்தூரில் எடுத்த படம் கலந்திருக்கக்கூடும். தேதியைச் சரிபார்க்கவும்."

சென்ற வாரம் அவள் திருச்செந்தூரில் இருந்தது உண்மை. வைகாசி விசாக பந்தோபஸ்துக்குப் போயிருந்தாள். அங்கே கடற்கரையில் கிடைத்த அரைமணி நேரத்தில் நண்டையும் நாரையையும் எடுத்துக் குழுவில் போட்டவளும் அவள்தான். தேதியைச் சரிபார்க்கலாம் என்றால், அந்தக் கேமரா அண்ணன் பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்துவிட்டுப்போன பழசு. அதில் தேதி ஏதோ ஒரு வருஷத்துப் பொங்கலோடு நின்றுபோயிருந்தது. அவளும் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

அவள் போன் போட்டாள். "அண்ணாச்சி, குளத்துலதான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான் பொய்ங்கலம்மா. மறதி எல்லாருக்கும் உண்டு. கடல் எங்க கிடக்கு, சுந்தரபாண்டியபுரம் எங்க கிடக்கு? தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கப்படாது, என்ன?"

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது. அதற்கப்புறம் பல் டாக்டர் வேறு "திருச்செந்தூர் கடல் அருமை" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வேல்விழி வீட்டில் அப்பா பட்டாளம், அண்ணன் பட்டாளம். அங்கே மார்க் குறைந்தால்கூடச் சோறு உண்டு, பொய் சொன்னால் கிடையாது. அப்படி வளர்ந்தவளை ஒரு குளத்துப் படத்துக்காகப் பொய்க்காரி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுததை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு காலையும் அதே குளத்துக்குப் போனாள். கல் இருந்தது, அதன்மேல் ஒரு நீர்க்காகம் இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் ஐந்தருவியில் நின்றுகொண்டிருந்தபோது இசக்கிதுரை ஒரு ரம்புட்டான் பழக்கூடையோடு வந்தான். இசக்கிதுரைக்கு அருவிக்குப் போகும் பாதையில் ஒரு சின்னக் கொட்டகை. வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். அவன் கை பட்டால் பத்து வருஷத்து இடுப்பு வலியும் பறந்துவிடும் என்பது அவன் கட்சி.

"மேடம், உங்களுக்குப் பறவைன்னா உசுருல்லா, அதான் கொண்டாந்தேன்" என்று கூடையின் மேல் கிடந்த துண்டை விலக்கினான்.

உள்ளே ஒரு கறுப்பு உருவம் பிசுபிசுவென்று பளபளத்தது. ஒடுங்கிய நீள றெக்கை, கூர் மூக்கு, கால்விரல்களுக்கு நடுவில் சவ்வு, பிளந்த வால். வேல்விழி கூடைக்குள் குனிந்தாள்.

"ஏலே, இது ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?"

"காலைல கொட்டகைக்குப் பின்னால றெக்கையைத் தொங்கப் போட்டுட்டுக் கிடந்துச்சு மேடம். பாத்த உடனே தெரிஞ்சிட்டு, உடம்பு வலின்னு. பாவம், எங்கிருந்து வருதோ. நம்ம மூலிகை எண்ணெயைச் சூடு பண்ணி றெக்கை, முதுகு, கழுத்து எல்லாம் நல்லா நீவிவிட்டேன். பெறவு ஒரு நாழி ஊற வச்சு, அருவி ஓரமா சாரல்ல காட்டிக் குளிப்பாட்டினேன்." அவன் முகத்தில் தொழில் திருப்தி தெரிந்தது. "ஆனா ஒண்ணு, தெளிவு வரல. அதான் யோசனையா இருக்கு."

குற்றாலத்துக்குச் சோர்ந்து வருகிற எவருக்கும் இங்கே ஒரே வைத்தியம்தான். எண்ணெய் தேய், அருவியில் நில். மந்திரியானாலும் சரி, மாட்டு வியாபாரியானாலும் சரி. அவன் ஆளைப் பார்த்து வித்தியாசம் காட்டவில்லை, அவ்வளவுதான். திட்டுவதற்கு வாயெடுத்த வேல்விழி அவன் முகத்தைப் பார்த்ததும் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பறவை வாயைத் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் தலைவலி என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி அனுமதி வாங்கினாள். அவர் சிரித்துவிட்டு, போ என்றார். வனக்காவலர் ஜெஸ்வினுக்குப் போன் போட்டாள். குளச்சல்காரன். கடலைப் பார்த்துப் பிறந்தவன், இங்கே மலையில் வேலை பார்க்கிறான். அன்று அவன் மேக்கரைப் பக்கம் தென்னந்தோப்பில் இறங்கிய யானைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

"படம் அனுப்புங்க மேடம்... ஆமா, இது ஆழ்கடல் ஆலாதான். காத்து தூக்கி எறிஞ்சிருக்கு. நான் விடியும் முன்ன வர முடியாது, நீங்கதான் பாக்கணும். எண்ணெய் போகாம அது பறக்காது. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி இருக்குல்லா, அதை வெதுவெதுப்பான தண்ணியில கலந்து கழுவுங்க. ரெண்டு தடவை. அதுக்கு மேல வேண்டாம், குளிர்ல செத்துரும். நல்லா அலசிக் காய வைங்க. குளம் குட்டையில மட்டும் விட்டுராதிய. இந்த ஜாதி தண்ணியில உக்காராது."

"கடல் பறவைன்னு சொன்னே?"

"கடல்லதான் கிடக்கும். ஆனா கடல்ல உக்காராது. மாசக்கணக்கா பறந்துக்கிட்டே இருக்கும். உக்காந்தா றெக்கை ஊறி முங்கிரும்."

கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த இசக்கிதுரை, "மாசக்கணக்காவா? பெறவு தோள்பட்டை வலிக்காம என்ன செய்யும்?" என்றான். தான் செய்தது தப்பு என்று அவனுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரிந்தபோது கூடையின் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, "கொன்னுட்டனா மேடம்? என்மேல கேஸ் போடுவியளா?" என்று கேட்டான்.

வெந்நீர், தொட்டி, முடி காயவைக்கிற மெஷின், மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது எங்கே? வேல்விழிக்கு உடனே ஞாபகம் வந்தது மேலகரத்தில் சுகிர்தம் நடத்துகிற பியூட்டி பார்லர். சுகிர்தம் அவளோடு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மூத்தவள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதில் பெயர் வாங்கியவள். கூடையைப் பார்த்ததும், "ஏட்டி, இதுக்கு ஃபேஷியலா, ஹேர் வாஷா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே ஹீட்டரையும் போட்டாள்.

காந்திமதிநாதனுக்கும் வேல்விழி சொல்லியனுப்பியிருந்தாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாசலில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை. அவர் பலகைகளுக்குக் கட்டுப்படுகிறவர். படியிலேயே நின்றுகொண்டார். கூடையை வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். சட்டைப்பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தார். றெக்கையை அளந்தார், மூக்கை அளந்தார், காலின் சவ்வை விரலால் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் படிந்து தலையிலிருந்து வால்வரை ஒரே கறுப்பாக இருந்ததைக் கண்டு உச்சுக்கொட்டினார்.

"கழுவினா வயித்துல வெள்ளை தெரியும், நெத்தியில வெள்ளை தெரியும். ஆனா அளவு போதும். இது ஆத்து ஆலா இல்லம்மா. கடல் ஆலாதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அவசரப்பட்டுட்டேன். குரூப்புல எல்லாருக்கும் முன்னால சொன்னேன், எல்லாருக்கும் முன்னாலயே திருத்திருதேன்."

படியில் நின்றபடியே எழுதினார். "வேல்விழி கண்டது சரி. அதே பறவை இன்று குற்றாலத்தில் கிடைத்துள்ளது. என் ஐயம் தவறு. வருந்துகிறேன்." எழுத்துப் பிழை இல்லாமல், முற்றுப்புள்ளியோடு. அவர் ஸ்கூட்டர் தெரு திரும்பும் முன்னே வேல்விழியின் போன் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பல் டாக்டர்கூடக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு கழுவத் தொடங்கினார்கள். சுகிர்தம் பறவையைப் பிடித்துக்கொள்ள, வேல்விழி சோப்புத் தண்ணீரை விட்டு விட்டு, இறகு வாக்கில் நீவினாள். முதல் தண்ணீர் காப்பிச் சக்கை நிறத்தில் ஓடியது. சுக்கும் மிளகும் மணத்தது. இசக்கிதுரை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "தேய்க்காதிய, நீவுங்க, பெருவிரலால நீவுங்க" என்று குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பலகை உண்டல்லவா.

இரண்டாவது கழுவலில் தண்ணீர் தெளிந்து ஓடியது. எண்ணெய் போய்விட்டது. முதுகில் இறகு விரிய, அங்கங்கே அரிசி நொய்யைத் தெளித்தாற்போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆனால் வயிறு கறுப்பாகவே இருந்தது. நெற்றியும்.

"இன்னும் போகலக்கா" என்றாள் வேல்விழி.

"தண்ணி நல்லாத்தானட்டி ஓடுது?"

"அடியில ஊறியிருக்கும். மூலிகை எண்ணெய்ல்லா. இன்னொரு தடவை."

"ரெண்டுதான்னு அந்தப் பையன் சொன்னானே?"

வேல்விழி காதில் வாங்கவில்லை. மறுபடியும் சோப்பை விட்டாள். வயிற்றில் தேய்த்தாள். நெற்றியில் விரல்நுனியை வைத்துத் தேய்த்தாள். குளத்துக் கல்லில் பார்த்த அந்த வெள்ளை இங்கேதான் எங்கேயோ இருக்கிறது, இருந்தாக வேண்டும். குழுவில் எழுதியாகிவிட்டது. எல்லாரும் கைகூப்பியாகிவிட்டது. வெள்ளையே, வெளியே வா. பறவையின் உடம்பு அவள் உள்ளங்கையில் வெடவெடவென்று நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டது.

"ஏட்டி வேலு! கையை எடு! அது செத்துரும்!" சுகிர்தம் போட்ட சத்தத்தில் அவள் கை நின்றது.

அவளுடைய முதல் ஸ்டேஷனில் ஓர் ஏட்டையா இருந்தார். பெயர் வேண்டாம். "ஒத்துக்கிடுத வரைக்கும் கேக்கணும், அதுக்குப் பேருதான் விசாரணை" என்பார். அவர் கேட்கிற சத்தம் பின்னறையிலிருந்து வரும்போது வேல்விழி எழுந்து வெளியே போய்விடுவாள். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவரை நினைத்தாலே அவளுக்கு ஆகாது. இப்போது தன் கையைப் பார்த்தாள். சோப்பு நுரையில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

அதற்கப்புறம் அலசினார்கள். பிறகு டவலில் பொதிந்து, மெஷினைத் தூரமாகப் பிடித்து மெல்லிய சூட்டில் காயவைத்தார்கள். காயக் காயப் பறவை நிமிர்ந்து உட்கார்ந்தது. மெஷினின் காற்று வரும் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுகிர்தம் மெஷினை இடப்பக்கம் மாற்றினால் இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் மாற்றினால் வலப்பக்கம். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து அதையே திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார்கள். நெத்திலி இரண்டு வைத்தபோது ஒன்றை எடுத்து விழுங்கியது. கறுத்த வயிறு, கறுத்த நெற்றி, புள்ளி விழுந்த முதுகு. அழகாகத்தான் இருந்தது.

வேல்விழி படமெடுத்து ஜெஸ்வினுக்கு அனுப்பினாள். யானைச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவன் பேசினான். "அய்யோ, குஞ்சுல்லா மேடம்! இந்த வருசத்துக் குஞ்சு. குஞ்சுக்கு உடம்பு பூரா கரிதான், முதுகுல பொரி தூவுன மாதிரி இருக்கும். வளந்த பெறவுதான் வயிறு வெளுக்கும்."

அவள் போனை வைத்தாள். குளத்தில் தான் பார்த்தது வளர்ந்த பறவை. இது அது இல்லை. சுகிர்தம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யாருக்குட்டி தெரியும்?" என்றாள் சுகிர்தம். "கடல் ஆலாவைப் பாத்தேன்னே. கடல் ஆலா வந்துட்டு. அவரே ஒத்துக்கிட்டாரு. விடு."

விடலாம்தான். அன்றைக்கு அவள் விட்டுவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விடிந்ததும் பண்பொழி திருமலைக்கோயில் மலைக்கு வரச்சொன்னான் ஜெஸ்வின். "மலை உச்சியில மேக்கு காத்து நேரா முகத்துல அடிக்கும். தரையிலிருந்து எழும்ப அதுக்குத் தெம்பு பத்தாது. அங்கன காத்தே தூக்கிவிட்டுரும்." கூடையை மடியில் வைத்துக்கொண்டு இசக்கிதுரை ஆட்டோவில் வந்தான். வழிநெடுகக் கூடைக்குள் குனிந்து ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தானாம், டிரைவர் சொன்னார். காந்திமதிநாதன் பெரிய லென்ஸோடு முன்னதாகவே வந்து இடம் பார்த்து நின்றார். வேல்விழி கழுத்திலும் கேமரா இருந்தது. அதை அவள் தொடவே இல்லை.

கோயிலுக்குப் பின்பக்கம், கைப்பிடிச் சுவருக்கு இந்தப்புறம் கூடையை வைத்தார்கள். கீழே செங்கோட்டைப் பக்கத்து வயலெல்லாம் பச்சை. எதிரே மலைகளுக்கு நடுவில் கணவாய் வாயைத் திறந்துகொண்டு ஊதியது. வேட்டி, துப்பட்டா, எதுவும் அவரவர் சொன்னபடி கேட்கவில்லை. ஜெஸ்வின் பறவையை எடுத்து றெக்கையை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

காந்திமதிநாதன் குனிந்து பார்த்தார். "வயித்துல கறை இன்னும் போகல போல. பரவாயில்ல. போகப் போகச் சரியாயிரும்."

ஜெஸ்வின் அவரைப் பார்த்தான். அப்புறம் வேல்விழியைப் பார்த்தான். நேற்றைய குழுச் சங்கதி அவனுக்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, பேசாமல் இருந்துவிட்டான். கறை என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆமாம் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது காரியம்.

"விடுங்க மேடம், உங்க கையாலயே விடுங்க" என்றான் ஜெஸ்வின்.

அவள் இரண்டு கையிலும் ஏந்திச் சுவரின்மேல் வைத்தாள். அது உடனே மேற்கே திரும்பியது. கழுத்தை நீட்டியது. ஒரு பாடு நேரம் அப்படியே நின்றது. "போ ராசா, போ" என்று இசக்கிதுரை முணுமுணுத்தான். அது றெக்கையை விரித்தது, அவ்வளவுதான் அது செய்தது. அடிக்கவே இல்லை. காற்று அதைச் சுவரிலிருந்து உயர்த்தி எடுத்துக்கொண்டது. ஒரு சாண், ஓர் ஆள் உயரம், கோபுர உயரம். பின்னோக்கிப் போகிறதே என்று எல்லாரும் பதறும்போது, உடம்பைச் சற்றே சாய்த்து, காற்றை அறுத்துக்கொண்டு முன்னால் போயிற்று. இசக்கிதுரை சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினான். காந்திமதிநாதனின் கேமரா படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் கணவாயின் மேகத்துக்கு முன்னால் ஒரு புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போயிற்று.

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பறவை போய்விட்டது. இனி அதன் வயிற்றைத் திருப்பிப் பார்க்க யாராலும் முடியாது. வானத்தில் எடுத்த படத்தில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

"அண்ணாச்சி" என்றாள்.

அவர் கேமராவின் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். "சொல்லும்மா. நல்லா விழுந்திருக்கு. எல்லாருக்கும் போட்டுருதேன்."

"அது கறை இல்ல அண்ணாச்சி. அது குஞ்சு. நான் குளத்துல பாத்ததுக்கு வயிறு வெள்ளை, நெத்தி வெள்ளை. இது அது இல்ல. நேத்தைக்கே தெரியும். சொல்லல."

ஜெஸ்வின், "குஞ்சுதான் சார்" என்றான் மெதுவாக.

காந்திமதிநாதன் நிமிர்ந்தார். "அப்போ உங்க குளத்துப் படத்துக்கு இது சாட்சி இல்ல."

"இல்ல அண்ணாச்சி. நீங்க எழுதினதைத் திருத்திருங்க."

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மங்கலான ஒரு படம், நின்றுபோன தேதி, திருச்செந்தூர். அவர் கேமராவை அணைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, வரப்புத் தகராறில் ஒரு தரப்பை விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நீங்க எங்கன நின்னிய?"

"மடைக்கு வடக்கே."

"வெயில்?"

"முதுகுக்குப் பின்னால."

"நெத்தி வெள்ளை கண்ணுக்குப் பின்னால வரைக்கும் போச்சா, முன்னாலயே நின்னுட்டா?"

அவள் யோசித்தாள். "அதுக்குள்ள பறந்துட்டு. தெரியல அண்ணாச்சி."

"காலு என்ன நிறம்?"

"பாக்கல."

அவர் போனை எடுத்தார். காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று எழுதினார். நேரமாயிற்று. அவர் முற்றுப்புள்ளி வரைக்கும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார். வேல்விழி சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள். வெட்டிவிடட்டும், தன் பெயரை அவரே வெட்டிவிடட்டும் என்று இருந்தது.

"என்ன எழுதுதிய சார்?" என்று இசக்கிதுரைதான் கேட்டான்.

காந்திமதிநாதன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"வந்தது ரெண்டுன்னு எழுதியிருக்கேன்" என்றார். "குஞ்சை நாம எல்லாரும் பாத்தோம். பெருசை வேல்விழி பாத்தாவ."